கத்திக்காரியின் இடது கை

அச்சகத்தில் அவளுக்குக் கத்திக்காரி என்று பெயர். அதற்கு இரண்டு காரணம் உண்டு. பேப்பர் வெட்டுகிற கட்டிங் மெஷினில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள் என்பது ஒன்று. இன்னொன்றை அவள் எதிரில் யாரும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று கிளம்பியவர்களும் அவள் வாயைத் திறந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பார்க்க ஒல்லியாக இருப்பாள். நாற்பத்திரண்டு வயது. கோபம் மட்டும் மூக்குக்கு மேல்.

அவள் சைக்கிளுக்கு வந்ததே கோபத்தால்தான். ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள், நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறக்கிவிட்டதற்காகப் பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டவள், இனி உன் பஸ்ஸில் ஏறினால் என்னைச் செருப்பால் அடி என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, மறு வாரம் சைக்கிள் வாங்கினாள். வீட்டிலிருந்து அச்சகம் ஒன்பது கிலோமீட்டர். அந்தப் பஸ் எங்கே தட்டுப்பட்டாலும் அதை முந்தாமல் விடமாட்டாள். கால் பழகியது இப்படித்தான்.

நகரத்திலுள்ள ஆறு அச்சகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை சைக்கிள் பந்தயம் நடக்கும். பெண்களுக்கு இருபத்திநாலு கிலோமீட்டர், நீர்த்தேக்கத்தைச் சுற்றி. நாலு வருஷமாக அதில் அவளுக்குத்தான் கோப்பை. ஃபிரிட்ஜின் மேல் கிடக்கும், தூசி தட்டுவதுகூட இல்லை. ஆனால் தங்கை வருகிற நாள் என்றால் பளபளவென்று துடைத்து வைத்துவிடுவாள்.

தங்கையை அச்சகத்தில் சின்னவள் என்பார்கள். அக்கா குடியிருக்கிற அதே கட்டடத்தில் மேல்மாடி வீடு. பைண்டிங் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் கத்திக்காரிதான். வாரம் தவறாமல் அதைச் சொல்லிக் காட்டுகிறவளும் அவள்தான். சின்னவள் வாயைத் திறக்காமல் வேலை கற்றுக்கொண்டு, ஆறு பேர் உட்காருகிற பசை மேசைக்குத் தலைவியாகிவிட்டாள். அக்கா சைக்கிள் வாங்கிய மறு வருஷம் தானும் ஒன்று வாங்கினாள். பந்தயத்தில் மூன்று தடவை இரண்டாவதாக வந்தாள். போன தடவை இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சக்கர தூரம்கூட இல்லை. அதிலிருந்து அக்காவுக்குத் தங்கையைக் கண்டாலே ஆகவில்லை.

இந்த வருஷப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த இடத்தில் கத்திக்காரி விழுந்தாள். சின்னவள் முன்னால் போக, இவள் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாள். இவளுடைய முன்சக்கரம் அவளுடைய பின்சக்கரத்தில் உரசிவிட்டது. இப்படி உரசினால் விழுவது எப்போதும் பின்னால் வருகிறவர்தான், தப்பும் அவருடையதுதான். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குள் இதற்கு மறுபேச்சு கிடையாது. கத்திக்காரி மட்டும், அவள் வேண்டுமென்றே குறுக்கே வளைத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மை என்னவென்றால், தங்கையைப் பயமுறுத்துவதற்காக இவள்தான் சக்கரத்தைக் கொண்டுபோய் இடித்துக்கொண்டு ஓட்டினாள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கத்தல் இன்னும் பெரிதாக இருந்தது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு அடியில், முந்திரிப் பருப்பு அளவில் ஒரு எலும்பு. அதில் ஒரு கோடு விழுந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டே ஆக வேண்டும் என்றார்.

"நடுவுல அசைஞ்சா ஒட்டாதும்மா. ஒட்டலேன்னா கையில பிடிமானம் போயிடும். அப்புறம் ஒரு டம்ளரைக்கூடக் கெட்டியாப் பிடிக்க முடியாது."

சும்மா துணிக்கட்டு போதும், பந்தயம் முடிந்து வருகிறேன் என்றாள் இவள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லியும் கேட்கவில்லை என்று எழுதி, அதில் அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இவளும் போட்டுக் கொடுத்தாள்.

அச்சகத்தில் சுளுக்கு என்று சொல்லி வைத்தாள். ஆனால் மெஷின் அந்தப் பொய்யை நம்பவில்லை. பழைய மெஷின் அது, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்குகிற நேரத்தில் ஆளின் இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. இடது கையால் அழுத்தினால் உயிர் போனது. இரண்டு நாள் முழங்கையால் சமாளித்தாள். மூன்றாம் நாள் ஒரு அட்டையை மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகிவிட்டாள். பொத்தான் அமுங்கியே இருந்தது, வலது கை மட்டும் போதுமானதாகிவிட்டது. கட்டிங் மெஷின்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த திருட்டு வேலை இது. பிடிபட்டால் அன்றோடு மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள். நன்றாகத் தெரிந்துதான் செய்தாள்.

வியாழக்கிழமை பத்து மணி சுமாருக்குச் சின்னவள் நோட்டு மேலட்டைகளை வாங்கிக்கொண்டு போக வந்து நின்றாள். அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது நாளாகியிருந்தது. அவள் நிற்கிறாள் என்கிற கடுப்பில் இவள் வேகவேகமாக வெட்டிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் வலது கை பொத்தானுக்குப் போய்விட்டது. பேப்பர் கட்டை நேராக்கிக்கொண்டிருந்த இடது கை இன்னும் உள்ளே இருந்தது. கத்தி இறங்கியது. விரல் தப்பியது. தொங்கிக்கொண்டிருந்த துணிக்கட்டின் முனை மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுப்பட்டு, பேப்பர் கழிவோடு கீழே விழுந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னவள் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மெஷினைச் சுற்றி வந்து, இடது பொத்தானில் விரலை விட்டு, அட்டையைப் பிடுங்கி எடுத்தாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி."

சின்னவள் அட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு நீ நம்பர் குத்திக்கிட்டு அங்க வந்து நின்னா, திங்கக்கிழமை இந்த அட்டை போர்மேன் மேசையில இருக்கும். பாத்துக்கோ."

கத்திக்காரிக்கு விரல் போகவிருந்ததுகூட மறந்துவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தவளையே மிரட்டுகிறாளே, கோப்பைக்காக இவ்வளவு தூரம் இறங்கிவிட்டாளே என்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மாடிமாடியாக ஏறி இறங்கிவிட்டு வருகிற மனுஷர், சண்டைக்கு வரமாட்டார். கையைக் குணப்படுத்திக்கொள், இந்த ஒரு வருஷம் விட்டுக்கொடு, கோப்பை எங்கே ஓடிப்போகிறது என்று கேட்டார்.

"மேல்மாடிக்கு ஓடிப்போகுது," என்றாள் இவள்.

வெள்ளிக்கிழமை காலையில் யாருக்கும் காத்திருக்காமல் நேரே போர்மேனிடம் போனாள். சுளுக்கு இல்லை, எலும்பு விட்டிருக்கிறது, பொத்தானில் அட்டை செருகி வேலை பார்த்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வருந்திச் சொல்லவில்லை. தங்கையின் கையில் இருந்த ஆயுதத்தைப் பிடுங்குவதற்காகச் சொன்னாள். போர்மேன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் கையையே பார்த்தார். பிறகு திட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் அப்படித் திட்டியதில்லை.

"திங்கட்கிழமையிலேருந்து பசை மேசைக்குப் போ. கை சரியாயிடுச்சுன்னு டாக்டர் கடுதாசி கொண்டு வா, மெஷின் உனக்குத்தான். கொண்டு வரலேன்னா அந்த மேசையோடயே இருந்துக்க."

பசை மேசை என்றால் சின்னவளுக்குக் கீழே. கத்திக்காரி தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

இனி யாரும் அவளை மிரட்ட முடியாது. ஓட்டுவதா வேண்டாமா என்பது அவள் கையில்தான் இருந்தது, அந்தக் கையோ உடைந்து கிடந்தது. சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சைக்கிளை எடுத்து இடது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள், கண் இருட்டியது. ஓட்டினால் கை போகும். கை போனால் மெஷின் போகும், சாகிற வரைக்கும் தங்கை கொடுக்கிற பசையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓட்டாவிட்டால் தங்கைக்குப் பயந்து ஒதுங்கிவிட்டாள் என்று ஆறு அச்சகமும் பேசும். இரண்டையும் போட்டுப் புரட்டி, பேச்சைத்தான் தாங்க முடியாது என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீர்த்தேக்கத்து ரோட்டில் நாற்பது பெண்கள் சைக்கிளோடு நின்றார்கள். புருஷன் அவள் முதுகில் நம்பர் துணியை நாலு ஊக்கால் குத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய் ஓரமாக நின்றுகொண்டார். பந்தயம் நடத்துகிறவர் ஒவ்வொருவரையும் பிரேக் பிடித்துக் காட்டச் சொல்லிக்கொண்டு வந்தார். கத்திக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் பிடித்துக் காட்டினாள். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்ததும்தான் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்தாள்.

சின்னவள் தன் சைக்கிளை ரோட்டோரத்துக் கம்பியில் சாய்த்துவிட்டு இவளை நோக்கி வந்தாள்.

"போர்மேன்கிட்ட நீயே போய்ச் சொல்லிட்டியாமே."

"ஆமா. நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். இனிமே எதைக் காட்டி மிரட்டுவ?"

"அந்த அட்டைய அன்னிக்கே கிழிச்சுக் கழிவுல போட்டுட்டேன்."

கத்திக்காரிக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"வேற எதைச் சொன்னா நீ கேட்டிருப்ப? டாக்டர் சொன்னாரு, கேட்டியா? மாமா சொன்னாரு, கேட்டியா? அக்கா வேணாம்னு நான் வந்து அழுதிருந்தா, கோப்பைக்கு நடிக்கிறான்னு சொல்லியிருப்ப. மெஷின் போயிடும்னா நீ பயப்படுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா மெஷினையே தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற."

அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதே வார்த்தையில். கத்திக்காரிக்கு அது நன்றாகத் தெரிந்தது. குப்பைக்குப் போய்விட்ட ஒரு அட்டைக்குப் பயந்து, பத்தொன்பது வருஷ மெஷினைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அழுகை வரும்போல் இருந்ததில் கோபம் இன்னும் கூடியது.

வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நம்பரைப் பிய்க்கப் பார்த்தாள். ஒரு ஊக்குதான் எட்டியது.

"அசையாத," என்று சின்னவள் பின்னால் வந்து, ஒவ்வொரு ஊக்காக முரட்டுத்தனமாகக் கழற்றினாள். மூன்றாவது வளைந்து போய்த் துணியில் மாட்டிக்கொண்டது.

"குத்துதுடி."

"குத்தட்டும்."

விசில் ஊதியது. நாற்பது பேரில் மீதி முப்பத்தெட்டுப் பேரும் கிளம்பிவிட்டார்கள். சின்னவள் ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"என்னடி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிற, போடி," என்று கத்திக்காரி போட்ட சத்தத்தில் ரோட்டோரத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சின்னவள் ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறினாள். இவள் முதுகில் ஒற்றை ஊக்கில் நம்பர் தொங்க, ரோட்டின் நடுவிலேயே நின்று கத்தினாள். "எறக்கத்துல பிரேக்கைத் தொடாத. தண்ணி டேங்க் தாண்டுற வரைக்கும் தொடாத. நான் அங்கதான்டி ஜெயிக்கிறேன்." நாலு வருஷமாகப் புருஷனுக்குக்கூடச் சொல்லாத விஷயம் அது.

சின்னவள் அன்றைக்கு ஐந்தாவதாக வந்தாள். கோப்பை வேறொரு அச்சகத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை கத்திக்காரி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டோடு வந்து பசை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்ற ஆறு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டாள்: டேங்குக்கு முன்னாலேயே பிரேக் பிடித்துவிட்டாய், அவ்வளவு தூரம் சொல்லியும் பிடித்தாய், உன்னால் கோப்பை போச்சு, எனக்கிருந்த பேரும் போச்சு. சின்னவள் பசை டப்பாவையும் பிரஷ்ஷையும் அவளுடைய வலது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இடது கைய மடியில வெச்சுக்கோ. மேசைக்கு மேல பாத்தேன், வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

கத்திக்காரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.