முகத்துவார மணலில் பதினெட்டுப் படிச் சோறு

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பேருந்தில் நின்றபடியே.

ராயபுரத்துக்கு மீன் கொண்டு வரும் தேசப்பன் அழைத்திருந்தார். பசியாவரத்துக்கு அப்பால் அவருடையது ஒரு சின்னக் குப்பம். வாடைக்காற்று திரும்பியதும் ஊரே முகத்துவார மணலில் கூடி, ஒரே அண்டாவில் பொங்கிச் சாப்பிடுமாம். மறுநாள் இறால் வலை இறங்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு நான் போகாத இடம் கிடையாது.

8.15. துறையில் எனக்காகக் காத்திருந்தது அதே குப்பத்து ஏழுமலையின் படகு. அவர் மனைவி வசந்தா முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை. கீழே வையுங்களேன் என்றேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். காற்று வடக்கிலிருந்து விறுவிறுவென்று அடித்தது. தண்ணீர் தெறிக்கத் தெறிக்க முந்தானையால் மூட்டையை மூடிக்கொண்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்தார்.

மூட்டையில் ஒரு படி அரிசி என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார் ஏழுமலை. தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு படி. யார் வீட்டு அரிசி அண்டாவில் விழுகிறதோ அவர்களுக்குத்தான் ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமை. காட்டுப்பள்ளித் துறைமுகம் வேண்டாம் என்று ஊரே நின்றபோது இவர் அங்கேயே காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார். ஊர்க் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்; பதினெட்டு தலைக்கட்டு பதினேழானது. இரண்டு வருஷத்தில் வேலை முடிந்தது. திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஊர்த் தலைவரிடம் இரண்டு முறை கேட்டாகிவிட்டது. "பார்க்கலாம்" என்பதோடு சரி.

"அரிசிய வாங்கலைன்னா இன்னா பண்றதுனு தெரியல சார்," என்றார்.

வசந்தா திரும்பாமலே சொன்னார்: "வேணாம்னா அவங்க வாயாலயே சொல்லட்டும். நா கேட்டுக்கிறேன்."

9.10. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல்திட்டு. தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். புளிக்குழம்பு வாசனையில் என் வயிறு கூச்சல் போட ஆரம்பித்தது. இங்கே கஞ்சி வடிக்கும் வழக்கம் இல்லை; படிக்கு இவ்வளவு என்று தண்ணீரை முன்கூட்டியே அளந்து உலை வைப்பார்கள். இந்த வருஷம் அடுப்பு தேசப்பன் பொறுப்பு.

வீட்டுக்கு ஒரு பெண்ணாக வந்து, களைந்த அரிசியை அண்டாவில் கொட்டிவிட்டுப் போனார்கள். வரிசையின் கடைசியில் வசந்தா. முன்னால் இருந்தவர் கொட்டிவிட்டு நகர்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த தலைவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை படகைவிட்டு இறங்கவே இல்லை. எனக்குப் பசி போன இடம் தெரியவில்லை.

தேசப்பன் துடுப்பால் துழாவியபடியே, தலையைத் தூக்காமல் பேசினார்.

"இன்னா வசந்தா, நின்னுக்கினே இருக்க? பதினெட்டு படிக்கு ஒல வெச்சிக்கிறேன். பதினேழுதான் வந்துக்குது. சோறு கொழைஞ்சா என்னைத்தான ஏசுவீங்க?"

ஒரு பெண் தண்ணீர்ப் பாத்திரத்தை நீட்டினார். நனைந்த முடிச்சு இறுகிப்போய் வசந்தாவின் கைக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். அரிசியைக் களைந்து கொட்டிய பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. எனக்கும்தான், புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சோறு உதிரி உதிரியாக வந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

2.30. கிளம்பும்போது தேசப்பனைத் தனியாக இழுத்து, தலைவரைக் கேட்காமல் எப்படித் துணிந்து தண்ணீரைக் கூட்டி வைத்தீர்கள் என்று கேட்டேன். அண்டாவை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"நா எங்க சார் வெச்சேன்? காலைல நா அடுப்பு பத்த வெக்கறப்போ தலைவரே வந்தாரு. பதினெட்டு படிக்கும் அவரே அளந்து ஊத்திட்டு, ஒண்ணுமே சொல்லாம போய் ஒக்காந்துக்கினாரு."