அப்பாவின் எலுமிச்சம்பழம்

இன்று பஸ்ஸில் யாரோ எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீற, அந்த வாசனையில் அப்பா வந்துவிட்டார்.

அறுபதுகளில், கந்தர்வக்கோட்டையில் எந்த முரட்டுக் காளைக்கும் மூக்கணாங்கயிறு போட்டுவிடுகிற அப்பாவுக்கு, புதுக்கோட்டை பஸ்ஸில் டீசல் நாற்றம் பட்டதுமே குமட்டும் என்பதால், மடியிலிருந்து பழத்தை எடுத்து மோந்துகொண்டே, “புள்ளைக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க” என்று கண்டக்டரிடம் சொல்லுவார்.

பொட்டுக்கடலை மென்றுகொண்டிருக்கும் நான், அவர் மானத்துக்காகக் கண்ணைச் சொருகிச் சாய்ந்துகொள்வேன். ஒருமுறை அவர் வாந்தி எடுத்தபோதும், பக்கத்து சீட்டு ஆத்தா என் வாயைத்தான் துடைத்துவிட்டது. பிறகு என் மகன் பிறந்தான். “பேரனுக்கு ஒத்துக்காதுங்க” என்றானது.

இன்று வளைவில் எனக்கே தலை சுற்றியது. கண்டக்டர் பார்த்தார். முறுக்குத் தின்றுகொண்டிருந்த பேத்தியைக் காட்டி, “புள்ளைக்கு ஒத்துக்காதுங்க” என்றேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் கண்ணைச் சொருகிக்கொண்டாள்.