வெண்கலம் வாய் திறந்த நாள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் வெண்கலம். ஒலிபெருக்கி வண்டியில் ஏறி வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மைக்கைச் சும்மா கௌரவத்துக்குத்தான் பிடித்திருக்கிறார் என்பார்கள். துணிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், தேர்தல் பிரச்சாரம் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தொண்டைதான்.

இப்படிப் பேசியே பிழைத்த மனிதருக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த தெருவில் இருந்த தங்கைதான் ஒரே துணை. காலையில் காலிக் கேரியரை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். மதியம் அவள் நிரப்பி வைத்திருப்பாள். கூடவே திட்டும் கிடைக்கும். "இந்தச் சட்டையைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?" உண்மையைச் சொன்னால், சோற்றைவிட அந்தத் திட்டுக்காகத்தான் அவர் போனார்.

அதை நாடாளுமன்றத் தேர்தல் வந்து கெடுத்தது. தேர்தலைச் சொல்லி என்ன, கெடுத்தது அவர் வாய்தான். குடைக்கட்சி அவரைக் கூலிக்குப் பிடித்திருந்தது. தங்கையின் கணவரோ பூட்டுக்கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். தொழில் வேறு, உறவு வேறு என்று இருவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஒரு நாள் காலை, தங்கை வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றது. எழுதிக் கொடுத்ததை முழுக்கப் படித்தும் ஒருவரும் கை தட்டவில்லை. கைதட்டல் விழாவிட்டால் வெண்கலத்துக்கு நாக்கு நமநமக்கும்.

"பூட்டுக்கு ஓட்டுக் கேட்டு வர்றாரே உங்க செயலாளர், சொந்த வீட்டை அம்போன்னு விட்டுட்டு ஆறு மாசம் ஓடிப்போனவருக்குப் பூட்டு எதுக்குங்க?"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. என்றோ நடந்த கதை அது. கணவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று சொல்லித்தான் தங்கை அந்த மாதங்களை ஓட்டியிருந்தாள். மதியம் அவர் போய்க் கதவைத் தட்டியபோது, உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

அதற்கப்புறம் கடைச் சாப்பாடுதான். சாயங்காலமானால் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். தேர்தல் முடிவு வந்தது, எவருக்கும் பெரும்பான்மை இல்லை. குடையும் பூட்டும் சேர்ந்தால்தான் ஆட்சி என்றார்கள். தலைவர்கள் சந்தித்தார்கள், முறைத்துக்கொண்டு எழுந்து போனார்கள், திரும்பவும் வந்தார்கள். எந்தத் துறை யாருக்கு என்று அவர்கள் இழுத்தடிக்க, நாட்டிலேயே அதிகம் தவித்தவர் வெண்கலமாகத்தான் இருக்கும்.

"சேர்ந்து தொலைங்களேன்யா. நீங்க சேர்ந்தா என் தங்கச்சியும் கதவைத் திறந்துடுவா" என்று டிவியிடமே கெஞ்சினார்.

ஒருவழியாகச் சேர்ந்தார்கள். கூட்டணி அரசு பதவியேற்ற அன்று ஒரே வண்டியில் இரண்டு கொடி. "வெயிலுக்குக் குடை! வீட்டுக்குப் பூட்டு!" என்று வெண்கலம் முழங்க, தங்கை கணவர் அதே வண்டியில் ஏறி அவர் தோளில் கை போட்டார்.

"அரசியல்ல இதெல்லாம் சகஜம் மச்சான். வாங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

தங்கை இருவருக்கும் தட்டு வைத்தாள். குறையில்லாமல் பரிமாறினாள். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அவர் வேண்டுமென்றே அழுக்குச் சட்டையோடு வந்திருந்தார். நடுவில் கணவருக்குப் போன் வர, அவர் வாசலுக்கு எழுந்து போனார்.

"எழுதிக் குடுத்ததைத்தாம்மா படிச்சேன்" என்றார் வெண்கலம்.

"எழுதினவங்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் உன்கிட்ட மட்டும்தானே சொல்லி அழுதேன்?"

மன்னித்துவிடு என்றுதான் சொல்ல வாயெடுத்தார். மூன்று தெருவுக்குக் கேட்கும் தொண்டை, எதிரில் இருந்தவளுக்குக் கேட்கும்படிகூட எழும்பவில்லை.

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் ராசியாயிட்டீங்களா?" கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"நான் எந்தக் கட்சியிலங்க இருக்கேன், கூட்டணி வைக்கிறதுக்கு?" என்றாள் அவள். நல்ல நகைச்சுவை என்று அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

கிளம்பும்போது தங்கை உள்ளே போய், அங்கேயே தங்கிவிட்ட அண்ணனின் கேரியரை எடுத்து வந்தாள். வெண்கலத்துக்கு முகம் மலர்ந்தது. கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் வாங்கினார். கை விர்ரென்று மேலே போனது. தேய்த்துக் கழுவித் துடைத்த, காலிக் கேரியர். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தெருமுனை வரை கூட வந்த கணவர் கேரியரைப் பார்த்தார். "அடேயப்பா, ராத்திரிக்கும் கட்டிக் குடுத்துட்டாளா? இனிமே பழையபடிதான் மச்சான்!"

"ஆமா மாப்பிள்ளை" என்றார் வெண்கலம். கனம் தாங்காதவர்போல் தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, தெரு திரும்பும் வரை அப்படியே நடந்தார்.