மாவு மில் புகை

1983 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. காற்று அசையவில்லை. மூடுபனி தெருவிளக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. புத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த மாவு மில்லில் டீசல் இஞ்சினைக் கிளப்பினார்கள். அதன் புகைக்குழாய் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து ஏழு அடி தூரம். அந்தக் குளிரில் புகை மேலே போகாமல் நேராக உள்ளே வந்தது. சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி இருமத் தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக அவளுக்கு ஆஸ்துமா. ஜன்னலைச் சாத்தினால் மண்ணெண்ணெய் அடுப்பின் புகை, திறந்தால் டீசல் புகை.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். ஆல்கேன்கள் முழுதாக எரிந்தால் நீராவியும் கரியமில வாயுவும்தான் மிஞ்சும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். டீசலில் உள்ள ஹெக்ஸாடெக்கேனின் இரண்டு மூலக்கூறுகள் எரிய நாற்பத்தொன்பது ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் வேண்டும். குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மேலும் குறைந்தால் வெறும் கரி. எங்கள் ஜன்னல் கம்பிகள் பதினொன்றிலும் அந்தக் கரிதான்.

மில்காரரிடம் போனேன். மார்கழிக் கோலமாவுக்கு இருபத்துமூன்று பேர் வரிசையில் நின்றார்கள். மின்வெட்டால் மோட்டார் ஓடாமல், ஒரே இஞ்சினை வைத்து அரிசி அரைக்கும் கல்லையும் மிளகாய் அரைக்கும் கல்லையும் சுற்றினார். அதற்காக டீசல் அதிகம் போகும்படி பம்பின் திருகைக் கூடுதலாகத் திறந்துவைத்திருந்தார்.

"டீசலுக்குத் தகுந்த காத்து உள்ள போகலைங்க. அதான் கறுப்பா வருது. உங்க காசுதான் கரியாப் போகுது" என்றேன்.

"புகை வந்தாத்தானே சார் இஞ்சின் இழுக்குதுன்னு அர்த்தம்?"

வரிசையிலிருந்த ஒரு அம்மாள், "பாடத்தைக் காலேஜ்ல நடத்துங்க சார். எனக்கு விடியறதுக்குள்ள கோலம் போட்டாகணும், ஏற்கெனவே விடிஞ்சுபோச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நகராட்சிக்கு மூன்று மனுக்கள் கொடுத்தேன். "மில்லுக்கு லைசென்ஸ் இருக்கே சார்" என்றார்கள்.

பொங்கல் கழிந்து, செலவை நானே ஏற்பதாகச் சொன்னபிறகு மில்காரர் இறங்கிவந்தார். பாலக்கரை ஒர்க்ஷாப்பில் பம்பைச் சரிசெய்து, திருகைக் குறைத்து மாட்டினார்கள். மறுநாள் குழாயிலிருந்து வந்தது கண்ணுக்கே தெரியவில்லை. பத்தொன்பது நாட்கள் என் மனைவி ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தாள்.

ஆனால் அந்த அளவு டீசலில் ஒரு கல்தான் சுற்றும். மாசியில் வருஷத்து மிளகாயை அரைக்கச் சாக்கோடு வந்தவர்கள் புகையில்லாத குழாயைப் பார்த்து, "என்ன, இஞ்சின் படுத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெரு மில்லுக்குப் போனார்கள். திருகு பழைய இடத்துக்குத் திரும்பியது.

"கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டு பொண்ணைக் கட்டிக்கொடுக்கணும்" என்றார் மில்காரர். அது பொய்யில்லை. அதற்குமேல் அவரிடம் என்ன சமன்பாட்டைச் சொல்வது?

அந்தக் கோடையில் என் மனைவியை நான்கு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டை மாற்றச் சொன்னார் டாக்டர். விற்க முயன்றேன். வந்தவர்கள் எல்லோரும் சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில் மில்காரரே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். எங்கள் சமையலறைச் சுவரை இடித்து, அங்கே இன்னொரு இஞ்சினை வைத்தார்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக் காற்று வரும் தெருவாகப் பார்த்து வாடகைக்குப் போனோம். முதல் வாரம் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காத்து நல்லாத்தான் இருக்குங்க. எனக்குத்தான் உள்ள போகமாட்டேங்குது."

அதன்பிறகு பதினோரு மாதங்கள்தான் இருந்தாள்.

பம்பு சரிசெய்ய நூற்றறுபது, ஆஸ்பத்திரிக்கு நான்காயிரத்து முந்நூற்றெழுபது, வீட்டில் நஷ்டம் பதினெட்டாயிரம். ஆக இருபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய்.