பூவரசும் அரசும்

கொட்டாஞ்சேனையில் கொடிக்கார யோசெப்பின் என்றால்தான் ஆளைத் தெரியும். மணமான புதிதில், துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையொன்றுக்குச் சைகைக் கொடிகள் தைக்கத் தொடங்கியவள். மஞ்சள் கொடி ஏற்றினால் கப்பலில் நோயில்லை என்று அர்த்தம். "பார்க்கத்தான் காமாலைக்காரன் மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு கோயில் திருநாள் கொடிகள், அதற்குப் பிறகு தேசியக் கொடி.

அந்தக் கொடியில் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே இரண்டு பட்டைகள். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு சேர்த்தவை.

"எங்களை வளவுக்கு வெளியாலை வைச்சுத் தைக்கச் சொல்லிப்போட்டாங்கள்" என்பான் கணவன் ஒஸ்வால்ட்.

"வெளியாலையோ உள்ளாலையோ, தையல் பிரியாட்டிச் சரி."

எழுபத்திரண்டாம் ஆண்டு மே மாதம் நாடு குடியரசாக மாறவிருந்தது. கொடிக் கடை பாயிஸ் துணிக்கட்டோடு வந்து இறங்கினார். சிங்கம் அச்சடித்திருந்தது. நான்கு மூலைகளும் வெறுமையாக இருந்தன.

"அக்கா, பழைய குமிழ் வேலை இந்த முறை வேணாம். மூலைக்கு ஒரு அரசிலை வரோணும். புத்த சமயத்து நாலு நல்ல குணத்துக்காம். அரசாங்கக் கந்தோர் வாசல்ல ஏத்துற கொடி, கவனம்."

"படம் ஒண்டும் இல்லையோ?"

"அரசிலைக்கு என்னத்துக்குப் படம்? சந்திக்குச் சந்தி மரம் ஈக்குதே."

மரம் இருந்தது உண்மைதான். பௌத்த விகாரையான பன்சலையின் வாசலில் நின்ற அந்த மரத்தை யோசெப்பின் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அவள் பிறந்த முகத்துவாரத்து வீட்டில் வேலி முழுக்கப் பூவரசு. வாய்க்குச் சுருக்கமாக அதை அரசு என்றே கூப்பிட்டார்கள். அங்கே தங்கை பிறிஜெற்றைப் பார்க்கப் போனவள், வேலியில் ஓர் இலையைக் கிள்ளி வந்து, அதை வைத்து மஞ்சள் துணியை வெட்டினாள்.

"குடியரசுக்கு அரசிலை. குடிக்கிறவனுக்கு என்ன இலை?" என்று கேட்டான் ஒஸ்வால்ட்.

"உங்களுக்கு வாழையிலை. அதையும் நான்தான் கழுவித் தரவேணும்."

எல்லாக் கொடியும் தைத்து முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுச் சோமாவதி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கே, மேக்க புலத் கொளயக் நே?"

வெற்றிலையா என்று சிங்களத்தில் கேட்கிறாள். யோசெப்பின் மடித்த கொடியை மறுபடி விரித்துப் பார்த்தாள். வால் இல்லாத அகன்ற இலை சிங்கத்தின் நான்கு பக்கமும் உட்கார்ந்திருந்தது. தாம்பூலத் தட்டேதான்.

"தெரியாமச் செய்ததெண்டு ஆர் நம்புவினம்?" என்றாள் ஒஸ்வால்டிடம். "தமிழ்ப் பொம்பிளை வேணுமெண்டு நக்கலடிச்சவள் எண்டுதான் கதை வரும். பாயிஸின்ரை கடையையும் சேர்த்து இழுப்பினம்."

ஒஸ்வால்ட் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான்.

சோமாவதிதான் அவளைப் பன்சலைக்குக் கூட்டிப் போனாள். அந்த மரத்தில் இலை பறிக்கக் கூடாது, விழுந்ததை எடுக்கலாம். யோசெப்பின் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டி ஒதுக்கியிருந்த சருகுக்குள் தேடினாள். கிடைத்த இலையின் நுனி எலிவால்போல் நீண்டிருந்தது. "இத்தனை வருசம் இந்த வாலை நான் காணேல்லையே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிரித்துத் தைத்தால் துணியில் ஊசித் துளை தெரியும். ஆகவே பிரிக்கவில்லை. மஞ்சள் நூலை இரட்டையாகக் கோத்து, ஒவ்வொரு இலைக்கும் கையால் ஒரு வால் இழுத்தாள். தோள் பூவரசு, வால் அரசு என்று ஒரு சாதி இலை பிறந்தது. பாயிஸிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கொடியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தூரத்தில பார்த்தா அரசிலைதான். கிட்டப் போய்ப் பார்க்கிறவன் கம்பத்தில ஏறோணும். ஏறட்டுமே."

குடியரசு நாளன்று யோசெப்பின் ஒஸ்வால்டையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கொடி மேலே போனது. கை தட்டினார்கள். ஆனால் காற்று அசையவில்லை. கொடி கம்பத்தோடு சுருண்டு ஒட்டிக்கொண்டது. சிங்கத்தின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. இலை ஒன்றும் தெரியவில்லை. அதிகாரிகள் தேநீர் குடிக்க உள்ளே போனார்கள்.

"தப்பிச்சாய்" என்றான் ஒஸ்வால்ட். "வா, போவம்."

அவள் அசையவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலேயே பார்த்தபடி நின்றாள்.

"கண் நோக நோக வால் இழுத்தனான். இந்தக் காத்துக்கு இண்டைக்கெண்டு என்ன வந்தது?"