கெட்டிமேளமும் சில்வெஸ்ரரின் பெட்டிகளும்

புங்குடுதீவில் தில்லைநாதனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் ரேடியோவை ஒளித்து வைக்கவேண்டும். "சும்மா சோதிச்சுப் பாத்திட்டுத் தாறன்" என்று என் ரேடியோவின் ஸ்பீக்கரை வாங்கிப்போனவன், கருகின மணத்தோடு திருப்பித் தந்தான். சங்கக்கடையில் அரிசி நிறுப்பது அவன் உத்தியோகம். தானே செய்த அம்பிளிபயரில் ஊருக்குப் பாட்டுப் போடவே தான் பிறந்ததாக அவனுக்கு நினைப்பு.

எப்போதும் ஒரே கதைதான். சூடேறி ஒரு ரான்சிஸ்ரர் செத்துவிடும். உடனே மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதன் மெல்லிய கம்பிச் சுருளை எரித்துவிடும். கடைசியில் புத்தி வந்து ஒரு ரிலே பூட்டினான். பிழையான மின்சாரம் வந்தால் அது 'டிக்' என்று ஸ்பீக்கரின் தொடுப்பை அறுத்துவிடும். சுவிச்சைப் போட்டாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் தொடுப்பைக் கொடுக்கும். அதுவரை அவன் முகத்தைப் பார்த்தால், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் தோற்றுப்போவான்.

1986இல் அவன் தங்கை மனோகரிக்குக் கலியாணம். அன்று பார்த்து ஆமிக்காரர் பாதையை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மேளகாரர் வந்து சேரவில்லை. கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டும்போது ஒரு தும்மல் கேட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆயுளுக்கும் பேச்சு. மாப்பிள்ளையின் சித்தப்பா முருகேசரோ காலையிலிருந்து மூக்குப்பொடியும் தும்மலுமாக இருந்தார்.

"நீ பயப்பிடாதை பிள்ளை. கசெற்றிலை கெட்டிமேளம் இருக்கு, நான் போடுறன்" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தான் தில்லை.

பாட்டுப் போடவென்று முதல்நாளே அல்லைப்பிட்டிச் சில்வெஸ்ரரிடம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இரவல் வாங்கியிருந்தான். அவனை அறிந்த சில்வெஸ்ரர், பெட்டிகளை எரிக்கமாட்டேன் என்று மாதாவின் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாராம்.

ஐயர் கையைக் காட்டினார். மேளம் பந்தலே அதிரத் தொடங்கியது. மூன்று அடிதான். 'டிக்.'

பந்தலில் ஒரு சத்தமில்லை. மாப்பிள்ளை தாலியும் கையுமாக நிற்கிறார். முருகேசரின் முகம் தும்மலுக்குச் சுருங்குகிறது.

"ரிலேயைக் கழட்டிப்போட்டு நேரே குடடா!" என்று அவன் காதில் சீறினேன்.

"ஏலாது. ரான்சிஸ்ரர் செத்திட்டுது. நேரே குடுத்தால் பெட்டிதான் எரியும், மேளம் வராது."

வாழ்நாளில் அவன் செய்த ஒரு சாமான் ஒழுங்காக வேலை செய்ய அந்த நிமிடம்தானா கிடைத்தது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். அதற்குள் அவன் பாய்ந்தோடி, சோற்றுக் கிடாரத்தின் மூடியைத் தூக்கிக் கரண்டியால் வெறிபிடித்தவன்போல் அடிக்கத் தொடங்கினான். சமையலுக்கு நின்ற பெண்களும் குடம், தாம்பாளம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டினார்கள். அந்த அமளியில் தாலி ஏறியது. முருகேசர் தும்மினார் என்பதை அவர் தோள் குலுங்கியதில்தான் கண்டுகொண்டேன்.

சடங்கு முடிந்ததும் தில்லை தங்கைக்கு முகம் கொடுக்கப் பயந்து அம்பிளிபயருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். மனோகரி கூறைச் சேலையோடு அவனைத் தேடி வந்தாள். நல்ல பேச்சு வாங்கப் போகிறான் என்று நானும் ஆவலாகக் காத்திருந்தேன்.

"அண்ணை, சில்வெஸ்ரர் அண்ணையின்ர பெட்டியளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"இல்லைப் பிள்ளை. ரெண்டும் தப்பீற்றுது."

பாட்டு ஏன் நின்றது என்றுதான் அதுவரை எல்லாரும் அவனைக் கேட்டிருக்கிறோம். பெட்டிக்கு என்ன என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அவன் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தைபோல் அழுதான்.