ஒரு கரண்டி ரம் எசென்ஸ்

கோக்டெல் என்றால் எனக்குத் தெரிந்தது டின்னில் வருவதுதான். அன்னாசி, பப்பாளி, டின்னுக்கு ஒன்றிரண்டு செர்ரி, எல்லாம் சீனிப்பாகில் மிதக்கும். விருந்து வீடுகளில் ஐஸ் போட்டு ஊற்றுவார்கள். செர்ரி யார் கிளாஸில் விழுகிறதோ அவன் அன்றைக்கு ராஜா. அதனால் போனில் ஒரு வீடியோ பார்த்து, தீபாவளிக்குக் கோப்பி கோக்டெல் செய்யப் போகிறேன் என்று முடிவு செய்ததும், கிள்ளான் பாசாருக்குப் போய் முதல் வேலையாக இரண்டு டின் பழம் வாங்கி வந்தேன். மனைவி டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோப்பியில பப்பாளியா போடப் போறீங்க?"

போனை வாங்கி, நான் பார்த்த அதே வீடியோவை எனக்கே மறுபடி ஓட்டிக் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரி பண்டிகைக்கென்று பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் கோப்பி காய்ச்சினாள். கடைசியில் ஒரு போத்தலைச் சாய்த்தாள். அந்தப் போத்தலில் இருந்தது ரம். ஆங்கிலம் தெரியாததால் அதை நான் தேன் என்று நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். லோரியின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறெதையும் கருத்தாகப் படித்ததில்லை.

"அதாங்க கோக்டெல். தண்ணி," என்றாள் மனைவி.

தண்ணிதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் கூடாது. ஏனென்றால் என் தங்கையும் மச்சானும் பிள்ளைகளோடு செந்தூலிலிருந்து வருகிறார்கள். மச்சான் பங்சாரில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஜாகா, அதாவது காவல்காரன். நல்ல மனிதன், ஆனால் குடித்தால் அந்த நல்ல மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். பல மாதமாக அவன் தொடவில்லை. தொடவில்லை என்று எப்படித் தெரியும் என்றால், தங்கை தினமும் ஊதச் சொல்வாள். வேலை முடிந்து அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, ரோட்டில் போலீஸ் நிறுத்துகிற மாதிரி அவள் எதிரே நிற்பாள். "ஊதுங்க" என்பாள். அவன் அவள் மூக்குக்கு நேரே ஊதுவான். பிறகுதான் சாப்பாடு. பிள்ளைகள் அதை ஏதோ சாமி கும்பிடுவது போல நினைத்துக்கொண்டன. ஒருமுறை சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாரும் கேட்காமலே அம்மா மூக்கில் ஊதினாளாம்.

தங்கை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். இன்னொரு தடவை வாசம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விடுவாளாம். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தாள். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தீபாவளிக்கு எங்கேயும் வரவில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறேன் என்றுதான் மச்சான் முதலில் சொன்னான். நான் போனில் வற்புறுத்தினேன். எங்கள் வீட்டில் போத்தலே இருக்காது, லோரி கூட்டாளிகளைக்கூட மறுநாள் வரச் சொல்லிவிட்டேன் என்றேன். அப்போதுதான் அவன் காரணத்தைச் சொன்னான்.

"எல்லாரும் கிளாஸ் புடிச்சிக்கிட்டு நிக்கறப்ப, என் கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல மச்சான். பிள்ளைங்களோட ஒக்காந்து ஆரஞ்சு தண்ணி குடிக்கறேன். பெரிய மனுசன்லா நானு."

அந்தக் கைக்கு ஒரு கிளாஸ் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கோக்டெல் யோசனை வந்தது. பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கணும், ஆனால் தண்ணியாக இருக்கக் கூடாது. இப்படியொரு அறிவு எனக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் வீடு தாங்காது.

தீபாவளிக்கு முந்தின நாளே சமையல்கட்டை நான் எடுத்துக்கொண்டேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கோப்பித்தூளைப் போட்டுத் துணியில் வடித்தேன். குலா மெலாக்கா வெல்லத்தைக் கரைத்தேன், டின் பால் ஊற்றினேன். வெள்ளைக்காரி ஒரு வெள்ளி டம்ளரில் ஊற்றி மூடிக் குலுக்கினாள். என்னிடம் இருந்தது காலி ஊறுகாய்ப் போத்தல். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, இடுப்பையும் சேர்த்துக் குலுக்கினேன். மூடி சீலிங்குக்குப் போனது. கூடவே கோப்பியும் போனது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மலேசியா வரைபடம் மாதிரியே இருக்கும். சபா, சரவாக் மட்டும் டியூப் லைட்டுக்கு அந்தப் பக்கம்.

இரண்டாவது முறை ஆறவைத்துக் குலுக்கி, ஐஸில் ஊற்றி மனைவியிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சளி மருந்து மாதிரி இருக்குங்க."

அவள் சொன்னது சரிதான். சுக்கு, ஏலக்காய் எல்லாம் இருந்தும் அது கஷாயமாகத்தான் இருந்தது. தொண்டையில் ஒரு இழுப்பு வேண்டுமே, அது இல்லை. கேக் சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனேன். வெனிலா, பாண்டான் எசென்ஸ் சின்னச் சின்னப் போத்தல்களாக வரிசையில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ரம் எசென்ஸ் இருந்தது. கடைப் பெண்ணிடம் கொடுத்து லேபலைப் படிக்கச் சொன்னேன். "ஆல்கோல் தாடா, அங்கிள்" என்றாள், இல்லை என்று கையையும் ஆட்டினாள். மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் தாடா. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை நான். எத்தனை சொட்டு விட வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

பண்டிகையன்று மதியம் அவர்கள் வந்தார்கள். தங்கை நேராக என் மனைவியோடு பின்பக்கம் போய்விட்டாள். பிள்ளைகள் வாசலில் மத்தாப்புக் கொளுத்தின. நான் மச்சானைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, கோப்பியில் ஒரு சூப் கரண்டி நிறைய எசென்ஸை விட்டேன். வீடே மணத்தது. அவன் எழுந்துவிட்டான். நான் லேபலைக் காட்டி, காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னை நம்பினான். அந்த வீட்டில் என் வார்த்தையை நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

உயரமான கிளாஸில் ஐஸ், மேலே நுரை, அதன்மேல் பட்டைத்தூள். கூடவே ஒரு செர்ரி. வாங்கிய டின் வீணாகக் கூடாதே. அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தான். அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். வேலையில் முதலாளி பார்க்காத நேரம் ஒரு ஆள் எப்படி உட்காருவானோ, அப்படி உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான். "பண்டேய்லா நீ," என்றான். கெட்டிக்காரன் என்று என்னை யாரும் எந்த மொழியிலும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் என் வாய் வேலை செய்தது. பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி, "ஒரிஜினல் ரம்முடா மச்சான், பாத்துக் குடி, வேட்டி அவுந்துரும்" என்று கத்தினேன். அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நான் லோரியை ரிவர்ஸ் எடுத்து முதலாளியின் காரையே இடித்த கதையைச் சொன்னேன். இன்னும் சிரித்தான். பல மாதமாக அந்தச் சிரிப்பு எங்கள் யார் காதிலும் விழவில்லை. தங்கையின் காதில் விழுந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது அதனால்தான்.

மாவுக் கையோடு வந்து நின்றாள். வாசம் அங்கே தூணில்கூட ஒட்டியிருந்தது.

"ஊதுங்க."

மச்சானுக்குக் கொஞ்சமும் பயமில்லை. தப்பு செய்யாதவன் எப்படி ஊதுவானோ அப்படி, நன்றாக மூச்சை இழுத்து, சந்தோஷமாக ஊதினான். தங்கையின் முகம் என்னவோ ஆகிவிட்டது. அவள் அழவில்லை. கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மத்தாப்புப் பிடித்திருந்த பெரியவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

நான் நடுவில் புகுந்தேன். அது ரம் இல்லை, எசென்ஸ், கேக்குக்குப் போடுகிறது, ஆல்கோல் தாடா என்றேன். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தவள் அவள். கல்யாணத்தன்று தாலியைக் காணோம் என்று சொல்லி அவளை அழவைத்தவன் நான். தீபாவளியன்று நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மை சொன்னேனோ, அதே முகத்தில்தான் அத்தனை பொய்யும் சொல்லியிருந்தேன்.

"அவரு எத்தனை சொல்லியிருக்காருண்ணே. இருமல் மருந்து, பல்லு மருந்து. இப்ப நீ கேக்கு மருந்தா?"

மச்சான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கிளாஸை மேசையில் வைத்தான், செர்ரி சாயாமல் மெதுவாக. நான் போத்தலைத் தேடி உள்ளே ஓடினேன். லேபலைக் காட்டினேனே, அதற்குப் பிறகு எங்கே வைத்தேன்? ஊற்றிய இடத்தில் இல்லை. அலமாரியில் இல்லை. சுத்தக்காரியான என் மனைவி மேடையைத் துடைக்கும்போது அதைக் குப்பையில் போட்டிருந்தாள். முறுக்கு எண்ணெயும் வாழையிலையும் கலந்த குப்பைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். தங்கை வாங்கி லேபலைப் படித்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். போத்தலைப் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாதான் எசென்ஸ்," என்றாள்.

நான் மச்சானைக் கூப்பிடத் திரும்பினேன். நாற்காலி காலி. வாசலில் அவன் செருப்பும் இல்லை. ஓர் அங்கிள் இப்போதுதான் பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கை காட்டியது. அந்தப் பக்கம் என்ன கடை இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கும் திறந்திருக்கும் கடை அது.

மோட்டாரை எடுத்துக்கொண்டு தேடினேன். அந்தக் கடை, அதற்குப் பின்னால் இருக்கும் சந்து, பஸ் நிற்கும் இடம், கோயில் வாசல். கோயிலில் தேடியது என் முட்டாள்தனம். தங்கை வாசல் கேட்டருகே நின்றுகொண்டே இருந்தாள். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் வரட்டும், மன்னிப்புக் கேட்டுட்டுச் சாப்பிடறேன் என்றாள் தங்கை. பெரியவன் மத்தாப்புப் பெட்டியை மூடித் தங்கையின் காலடியில் வைத்துவிட்டு, தானும் நின்றான்.

வெளிச்சம் போவதற்குள் மச்சான் வந்துவிட்டான். நடை நேராகத்தான் இருந்தது. முதல் போத்தல் வரைக்கும் அவன் நடை மாறாது. அவனே தங்கைக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, யாரும் சொல்லாமலே ஊதினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பிள்ளைகளின் பையை எடுக்க உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். எல்லாம் என்னால்தான், நான் அந்த எழவை ஒரு கரண்டி ஊற்றாமல் இருந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்றெல்லாம் உளறினேன். அவள் சின்னவளின் சட்டையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"எசென்ஸு உன்னோடதுண்ணே. கடைக்கி நடந்தது அவரு காலு."

"நீ நம்பியிருந்தா போயிருக்க மாட்டான்மா."

"நம்பியிருக்கணும்தான். இன்னிக்கித் தப்பிச்சிருப்பாரு. தெனமும் ஊதிக்கிட்டு வாழறதுக்கு ரெண்டு பேரு வேணும்ண்ணே. என்னால முடியல."

கார் ஓட்டுவது அவள்தான். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றினாள். மச்சான் முன்கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று சின்னவளின் தலையைத் தடவினான். தங்கை காரை எடுக்கும்வரை தடவிக்கொண்டே இருந்தான். எனக்கு ஏதாவது ஒரு கோமாளித்தனம் செய்து அந்த நிமிஷத்தை உடைக்க வேண்டும் போலிருந்தது. சாவு வீட்டில்கூட எனக்கு வரும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

தங்கை இப்போது ஜொகூரில் இருக்கிறாள். பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். என்னோடு பேசுவாள், கோபம் ஒன்றும் இல்லை. நான் ஏதாவது சொன்னால் முன்பு மாதிரி உடனே சிரிப்பதில்லை, ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்த ஒரு நொடிக்காகவே நான் இப்போது போன் செய்வதைக் குறைத்துவிட்டேன்.

மச்சானுக்கு ஜாகா வேலை போய்விட்டது. செந்தூலில் பழைய பிளாட்டில் ஒரு ரூம் எடுத்து, இன்னும் மூன்று பேரோடு இருக்கிறான். மாதம் ஒருமுறை அரிசி, டின் மீன், சோப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை. ஒரு தடவையாவது சொல்லமாட்டானா என்று காத்திருந்து பார்த்துவிட்டேன். போன மாதம் போனபோது நடுமதியத்திலேயே எல்லோரும் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் எழுந்து எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான். என் தோளில் கை போட்டு மற்றவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான்.

"இவருதான் எங்க மச்சான். கோப்பி ரொம்ப நல்லா போடுவாரு."

கிண்டலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். ஒருவன் எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினான். இருபது வருஷமாக லோரி ஓட்டும் கை. கிளாஸை வாங்காத அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டு, அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.